தீ அணைந்த வீடு அதற்குப் பிறகும் விழும்: வடசென்னைப் பழைய வீட்டுக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ராயபுரத்தில் ஒரு சந்துக்குள் இருந்த எங்கள் அத்தை வீட்டில் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ராத்திரி தீப்பிடித்தது. மாடிப்படிக்குக் கீழே வைத்திருந்த இன்வர்ட்டரில் தொடங்கி, பக்கத்தில் அடுக்கியிருந்த பழைய மெத்தைகளுக்குத் தாவியது. கொஞ்ச நேரத்தில் படிக்கட்டு முழுக்கப் புகை. மாடியில் அத்தையும் இரண்டு பேரப்பிள்ளைகளும் மாட்டிக்கொண்டார்கள். மூன்று பேரும் ஏணி வழியாக உயிரோடு இறங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு தீயணைப்பு அறிக்கை, இன்சூரன்ஸ், இடிபாடு, எரிந்த பத்திரம் என்று ஏழு மாதம் அலைந்தவன் நான்.

காகித விஷயங்களை எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. தீயை அணைத்து ஏறக்குறைய நாற்பது நிமிடம் கழித்துத்தான் அந்த வீட்டின் கூரை விழுந்தது. என் அத்தை மகன் அப்போது பீரோவில் இருந்த பத்திரத்தை எடுக்க உள்ளே போகப் பார்த்தான். தீயணைப்பு வீரர் ஒருவர் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தாவிட்டால் போயே இருப்பான். பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் உத்திரம் போட்ட பழைய மாடி வீட்டில் இருப்பவர்கள் நான்காவது பகுதியை மட்டுமாவது முழுதாகப் படித்துவிடுங்கள்.

1. 101-க்கு அழைக்கும்போது

101 அல்லது 112, இரண்டில் எதை அழைத்தாலும் சரி. தீயை அணைக்க வருவதற்கு யாருக்கும் ஒரு ரூபாய் கூடக் கொடுக்க வேண்டியதில்லை. காசு கேட்பார்களோ என்று தயங்கி நேரத்தைக் கழித்தவர்களை எனக்குத் தெரியும்.

கதவு எண் சொல்லும்போது புதிய எண்ணா பழைய எண்ணா என்று சேர்த்துச் சொல்லுங்கள். நம் பக்கத்தில் ஒரே தெருவில் இரண்டு 14 இருக்கும். அப்புறம் வண்டி ஓட்டுபவருக்குத் தெரிந்த அடையாளம் ஒன்று வேண்டும்: கல்மண்டபம் மார்க்கெட், ஒரு சர்ச், ஒரு பள்ளிக்கூடம். சந்து எவ்வளவு அகலம், பெரிய வண்டி நுழையுமா என்பதையும் சொல்லிவிடுங்கள். அவர்கள் போனை வைக்கும் வரை நீங்கள் வைக்காதீர்கள். வீட்டில் ஒருவர் மெயின் ரோட்டு முனைக்கு ஓடிப்போய் செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு நிற்கட்டும்.

வண்டி வந்ததும் முதலில் இறங்கும் அலுவலரிடம் ஒரே ஆள் பேசுங்கள். பத்துப் பேர் சேர்ந்து கத்தினால் அவருக்கு ஒன்றும் காதில் விழாது. சொல்ல வேண்டியவை இவை:

உள்ளே எத்தனை பேர், எந்த அறையில் இருக்கிறார்கள்.
கூரை என்ன வகை. மெட்ராஸ் டெரஸா (மர உத்திரத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் போட்ட பழைய கூரை), கர்டரா (இரும்பு உத்திரம்), கடப்பா கல்லா, ஓடா, கான்கிரீட்டா.
மொட்டை மாடியில் என்ன பாரம் இருக்கிறது. தண்ணீர் டேங்க், ஷீட் போட்ட அறை, பழைய சாமான்.
கேஸ் சிலிண்டர், இன்வர்ட்டர், பேட்டரி வண்டி எங்கே நிற்கிறது.
தரையில் மூடியில்லாத கிணறோ சம்ப்போ (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) இருக்கிறதா.

முதல் விஷயத்தை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். மற்றவற்றை யாரும் சொல்வதில்லை. அவர்கள் புகைக்குள் தரையைத் தடவிக்கொண்டுதான் போவார்கள். முற்றத்தில் திறந்து கிடக்கும் சம்ப் அவர்களுக்குத் தெரியாது. "சார், இது மெட்ராஸ் டெரஸ், மேலே ஆயிரம் லிட்டர் டேங்க் இருக்கு" என்று எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தர்தான் சொன்னார். அதைக் கேட்டதும் அந்த அலுவலர் மாடி அறைக்குள் அனுப்பிய இரண்டு பேரையும் பின்னால் கூப்பிட்டுக்கொண்டார். டேங்கில் தண்ணீர் நிறைந்திருந்தால் அதுவே ஒரு டன். கூரையை எதிர்பார்த்துத் தயாராக இருப்பவருக்கும், தெரியாமல் அதன் கீழே நிற்பவருக்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

2. வழி, மின்சாரம், கூட்டம்

சந்து முழுக்க நிற்கும் பைக்குகளை நகர்த்துங்கள். வண்டி வந்த பிறகு நகர்த்தலாம் என்று இருக்காதீர்கள். பூட்டிய வண்டியை நாலு பேர் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம்.

மெயின் சுவிட்சை எட்ட முடிந்தால் அணையுங்கள். முடியாவிட்டால் அதற்காக உள்ளே போக வேண்டாம். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-க்குச் சொல்லி வெளியிலேயே இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். கேஸ் கசிவுக்கு 1906.

பெரிய தண்ணீர் வண்டியில் சுமார் 4,500 லிட்டர் இருக்கும். குழாய் முழு வேகத்தில் அடித்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். தண்ணீர் நிரப்பப் போகிற வண்டியைப் பார்த்து ஓடிப்போகிறார்கள் என்று கூச்சல் போட்டு மறிக்காதீர்கள். எங்கள் தெருவில் அப்படி நடந்தது, மூன்று நிமிடம் வீணானது.

வேடிக்கை பார்க்க நிற்பவர்களைத் தயவு செய்து தூரம் அனுப்புங்கள். 2017 ஜூலையில் கொடுங்கையூரில் ஒரு பேக்கரியில் ராத்திரி தீப்பிடித்து, அணைத்துக்கொண்டிருந்தபோதே சிலிண்டர் வெடித்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்தார். வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பலர் வெந்துபோனார்கள், அவர்களிலும் சிலர் பிழைக்கவில்லை. நம் ஏரியாவில் நடந்தது இது.

3. ஏணி

வண்டி வருவதற்குள் அக்கம்பக்கத்தார் பெயிண்டர் ஒருவரின் மூங்கில் ஏணியைக் கொண்டுவந்துவிட்டார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அதைச் சன்ஷேடில் சாய்த்து வைத்தார்கள். பழைய வீட்டுச் சன்ஷேடு ஒரு ஆள் பாரத்துக்கே உதிரும். அத்தை அதில் காலை வைத்திருந்தால் இன்றைக்கு நான் வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன்.

முதலில், ஏணி இல்லாமல் சமாளிக்க முடிந்தால் அதுதான் நல்லது. மாடியில் மாட்டியவர்கள் படிக்கட்டுப் பக்கக் கதவைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணியைத் திணித்து, தெருவைப் பார்த்த ஜன்னலில் தலையைக் காட்டிக்கொண்டு நின்றால், சாத்திய மரக்கதவு ஒன்றே பல நிமிடம் வாங்கிக்கொடுக்கும். அத்தை அதைத்தான் செய்தார். தீயணைப்பு வண்டி சில நிமிடத்தில் வந்துவிடும் என்றால் காத்திருங்கள். அறைக்குள் புகை நிறைந்து இனி நிற்க முடியாது என்றால் மட்டும் நம் கையிலிருக்கும் ஏணியை நம்புங்கள்.

அப்படி வைக்க நேர்ந்தால்:

சுவரிலிருந்து ஏணியின் அடி எவ்வளவு தள்ளியிருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. உயரத்தில் கால்வாசி. ஜன்னல் 12 அடி உயரத்தில் இருந்தால் அடிக்கால் 3 அடி தள்ளி. ரொம்ப நிமிர்ந்து நின்றால் ஆள் பின்னால் சாய்வார். ரொம்பப் படுத்தால் அடி சறுக்கும்.

ஆளை இறக்க வேண்டிய ஜன்னல் என்றால் ஏணியின் தலை ஜன்னலின் அடிக்கட்டைக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். ஜன்னலுக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் இருக்கிற வழியையும் அதுவே அடைத்துக்கொள்ளும். மொட்டை மாடி என்றால் நேர்மாறு. விளிம்புக்கு மேலே மூன்று படியாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், பிடித்துக்கொண்டு இறங்க.

சன்ஷேடு, தண்ணீர்க் குழாய், கைப்பிடிச் சுவர் எதிலும் சாய்க்காதீர்கள். சுவரின் நடுப்பகுதியைவிட இரண்டு சுவர் சேரும் மூலைப் பக்கம் உறுதியானது. கீழ் ஜன்னலிலிருந்து தீ வெளியே நாக்கு நீட்டுகிறது என்றால் அதற்கு மேலே ஏணி வைக்கவே கூடாது.

அண்ணாந்து பாருங்கள். கம்பி போகிறதா? அலுமினிய ஏணி மின்கம்பியில் பட்டால் பிடித்திருக்கும் அத்தனை பேருக்கும் ஷாக். நனைந்த மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும்.

கீழே ஒருவர் அடியை மிதித்துப் பிடித்துக்கொள்ள, ஒரு நேரத்தில் ஒருவர்தான், முகம் ஏணியைப் பார்த்தபடி. குழந்தைகளைத் தனியாக இறக்காதீர்கள். பெரியவர் ஒருவர் ஒரு படி கீழே நின்று, குழந்தையைத் தன் இரண்டு கைகளுக்கும் ஏணிக்கும் நடுவில் வைத்துக்கொண்டு சேர்ந்தே இறங்க வேண்டும். அத்தையின் சின்னப் பேரன் ஆறு வயதுக்காரன், பயத்தில் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அசைய மறுத்தான். அவனை இறக்கிய தீயணைப்பு வீரர் அவன் காதருகே ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டே வந்தார். பதினொன்று என்றதும் தரை வந்தது.

தீயணைப்பு வண்டி வந்ததும் உங்கள் ஏணியை எடுத்துவிட்டு விலகுங்கள். அவர்களிடம் 35 அடி வரை நீளும் ஏணி இருக்கும், அதை நிறுத்தவே நாலு பேர் வேண்டும். இடம் கொடுங்கள். இன்னொன்று, இது யாரும் சொல்லிக்கொடுக்காதது: அவர்கள் நிறுத்திய ஏணியை ஒருபோதும் நகர்த்தாதீர்கள். ஆள் இறங்கியாயிற்று, இனி எதற்கு என்று நமக்குத் தோன்றும். ஆனால் உள்ளே போன வீரருக்குப் படிக்கட்டு போனால் அந்த ஏணிதான் மிச்சமிருக்கும் வழி. ஏணி இருந்த ஜன்னலை மனதில் குறித்துக்கொண்டுதான் உள்ளே போயிருப்பார். புகைக்குள் தடவிக்கொண்டு அவர் அந்த ஜன்னலுக்கு வரும்போது ஏணி இல்லை என்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். எங்கள் சந்தில் ஒருவர் தன் பைக்கை எடுக்க வழி வேண்டும் என்று ஏணியைத் தள்ளப் பார்த்தார்.

4. தீ அணைந்த பிறகு உள்ளே போகாதீர்கள்

மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்கு உத்திரத்தின் மேல் செங்கலைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து கெட்டித்து, அதன் மேல் தட்டோடு பதித்த கூரை. நூறு வருடம் தாங்கும், வெயிலும் இறங்காது. ஆனால் மொத்தப் பாரமும் அந்த உத்திரங்களின் மேல்தான். தீ கீழிருந்து எரியும்போது மரம் வெளிப்பக்கமிருந்து கரியாகிக்கொண்டே வரும். கரிக்குப் பலம் கிடையாது, உள்ளே மிச்சமிருக்கும் மரம்தான் தாங்குகிறது. சுவருக்குள் செருகியிருக்கும் உத்திரத்தின் முனை ஏற்கெனவே ஓதத்திலும் கரையானிலும் பாதி போயிருக்கும். அது கண்ணுக்குத் தெரியாது.

இதன் மேல் தண்ணீர் சேர்கிறது. ஒரு லிட்டர் ஒரு கிலோ. இரண்டு வண்டித் தண்ணீர் அடித்தால் ஒன்பதாயிரம் கிலோ. பெரும்பகுதி வழிந்து ஓடிவிடும், ஆனால் பழைய சுண்ணாம்பும் ஜல்லியும் குடிக்கிற அளவுக்குக் குடிக்கும். மெத்தை, துணி, அரிசி மூட்டை எல்லாம் குடிக்கும். அதாவது தீ அணைகிற நேரத்தில்தான் கூரையின் பாரம் அதிகம், தாங்கும் மரம் குறைவு. வெளியே நிற்கிற நமக்கோ புகை அடங்கிவிட்டது, ஆபத்து முடிந்துவிட்டது என்று தோன்றும்.

கர்டர் போட்ட வீடும் தப்பாது. இரும்பு 550, 600 டிகிரி சூட்டில் தன் பலத்தில் ஏறக்குறைய பாதியை இழக்கும். அது மட்டும் இல்லை, சூட்டில் நீளும். ஐந்து மீட்டர் கர்டர் 500 டிகிரி ஏறினால் சுமார் 3 சென்டிமீட்டர் நீண்டு, இரண்டு பக்கச் சுவரையும் வெளியே தள்ளும். குளிரும்போது சுருங்கும், தள்ளிய சுவர் திரும்பி வராது. கடப்பா கல் இன்னும் மோசம். சூடான கல்லில் தண்ணீர் பட்டால் எச்சரிக்கையே இல்லாமல் இரண்டாகப் பிளக்கும்.

தீயணைப்பு வீரர்களே இதில் உயிரை விட்டிருக்கிறார்கள். 2020 தீபாவளி நேரத்தில் மதுரையில் பழைய கட்டடம் ஒன்றில் இருந்த ஜவுளிக்கடையில் தீயை அணைத்துக்கொண்டிருந்த இரண்டு வீரர்கள் மேல் கட்டடம் இடிந்து விழுந்தது, இருவரும் இறந்தார்கள். தி.நகரில் 2017 மே 31 அன்று தீப்பிடித்த ஏழு மாடி ஜவுளிக்கடையில் ஒரு பகுதி அடுத்த நாள் விடியற்காலையில்தான் சரிந்தது. தொழிலாகவே இதைச் செய்பவர்களுக்கே இந்த நிலை. பத்திரத்துக்காகவோ நகைக்காகவோ "ஒரு நிமிஷம் உள்ளே போய் எடுத்துத் தாங்க சார்" என்று அவர்களைக் கெஞ்சாதீர்கள். ஆள் உள்ளே இருந்தால் அவர்கள் கேட்காமலே போவார்கள்.

விழப்போகிற வீடு சில அடையாளம் காட்டும். எல்லா நேரமும் காட்டாது.

சுவர் வயிறு தள்ளுவது. சுவர் விரிசல் வழியே புகையோ தண்ணீரோ கசிவது. உள்ளே அடிக்கிற தண்ணீர் வெளியே வராமல் இருப்பது, அது எங்கேயோ தேங்குகிறது என்று அர்த்தம். கதவு நிலை கோணி, கதவு மாட்டிக்கொள்வது. மரம் முனகுவது. மேலிருந்து சுண்ணாம்புத் தூளோ ஜல்லியோ கொட்டுவது.

நான் பார்த்தது கடைசியாகச் சொன்னது. கூடத்தில் முழங்கால் அளவு கறுப்புத் தண்ணீர் நின்றது. வாசலில் நின்று டார்ச் அடித்துப் பார்த்தேன். தண்ணீரில் ஜல்லி ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தது. ஒன்று, சத்தம் இல்லை, அப்புறம் இரண்டு மூன்று, சின்னச் சின்ன வட்டம். மழை தூறுகிற மாதிரி இருந்தது. அந்த வீரர் அதைப் பார்த்த உடனே "வெளியே, எல்லாரும் வெளியே" என்று கத்திக்கொண்டு அத்தை மகன் சட்டையைப் பிடித்தார். நாங்கள் எதிர்வீட்டுத் திண்ணையைத் தாண்டுவதற்குள் பின்னால் ஒரே இடி.

எவ்வளவு தூரம் விலகுவது? சுவரின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு. இருபது அடிச் சுவருக்கு முப்பது அடி. நம் சந்துகள் எட்டு அடி, பத்து அடி. அப்படியென்றால் எதிர்வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் அந்த இரவு வெளியே இருக்க வேண்டும். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, எழுப்பிவிடுங்கள்.

மறுநாள் காலையிலும் போகாதீர்கள். பொறியாளர் பார்த்துச் சொல்லும் வரை போகாதீர்கள். எங்கள் வீட்டில் மிச்சமிருந்த பின்கட்டுச் சுவர் மறுநாள் பதினொரு மணிக்கு, நல்ல வெயிலில், யாரும் தொடாமலே விழுந்தது.

5. அந்த இரவே எழுதிக்கொள்ள வேண்டியவை

தீ எப்போது தெரிந்தது, எப்போது அழைத்தீர்கள், வண்டி எப்போது வந்தது, எந்த நிலையத்திலிருந்து, எப்போது அணைந்தது, கூரை எப்போது விழுந்தது. போனின் அழைப்புப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். தெருவிலிருந்தே வீட்டை நாலு பக்கமும் படமும் வீடியோவும் எடுங்கள்.

இங்கே ஒரு குழி இருக்கிறது, நான் அதில் விழுந்தேன். நிலைய அலுவலர் தன் குறிப்புக்காக "சேதம் எவ்வளவு இருக்கும்?" என்று கேட்பார். பதற்றத்தில் நான் "ஒரு லட்சம் இருக்கும்" என்றேன். அது அறிக்கையில் ஏறியது. பிறகு சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் அந்த வரியைக் காட்டித்தான் பேச்சைத் தொடங்கினார். "இப்போது சொல்ல முடியாது, பட்டியல் எழுதித் தருகிறேன்" என்று சொல்லுங்கள்.

6. காவல் நிலையமும் தீயணைப்பு அறிக்கையும்

காவல் நிலையத்தில் மறுநாளே எழுத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரை வாங்கிக்கொண்டதற்கான அத்தாட்சி) வாங்குங்கள். யார் மேலும் புகார் இல்லை, தகவலாகத்தான் தருகிறோம் என்றாலும் ரசீது வேண்டும். எரிந்த ஆவணங்கள் ஒவ்வொன்றையும் அதில் பெயர் சொல்லி எழுதுங்கள். "சில ஆவணங்கள்" என்று எழுதினால் பிறகு பத்திர நகலுக்குப் போகும்போது மறுபடி வர வேண்டியிருக்கும். நான் மூன்று தடவை போனேன்.

தீயணைப்பு அறிக்கைக்கு, அணைக்க வந்த நிலையத்தில் போய் மனு கொடுக்கலாம். உங்கள் அடையாள அட்டை, வீட்டு வரி ரசீது அல்லது வாடகை ஒப்பந்தம், சி.எஸ்.ஆர். நகல், சேதப் பட்டியல் எல்லாம் இரண்டு செட். மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். கட்டணம் ஏதாவது சொன்னால் ரசீதோடு மட்டும் கட்டுங்கள். எங்களுக்கு அறிக்கை வர மூன்று வாரம் ஆனது. வாங்கியதும் பெயர், கதவு எண், தேதி, காரணம் நான்கையும் அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். எங்கள் அறிக்கையில் பழைய எண்ணும் புதிய எண்ணும் இடம் மாறியிருந்தன. அதைத் திருத்த இன்னும் ஒன்பது நாள்.

குடிசை அல்லது ஓட்டு வீடு என்றால் வட்டாட்சியர் அலுவலகத்திலும் அன்றே தகவல் கொடுங்கள். நிவாரணம் அந்த வழியாகத்தான் வரும்.

7. இன்சூரன்ஸ்

எங்களிடம் இன்சூரன்ஸ் கிடையாது என்றுதான் அத்தை சொன்னார். வீட்டின் மேல் ஒரு வங்கிக் கடன் இருந்தது. மூன்றாவது வாரம் தவணை பற்றிப் பேசப் போனபோதுதான், கடன் கொடுக்கும்போதே வங்கி தீ இன்சூரன்ஸ் எடுத்து வருடா வருடம் பணம் பிடித்து வந்திருந்தது தெரிந்தது. தாமதமாகச் சொன்னதற்கு விளக்கக் கடிதம் எழுதி, அதற்கே ஒரு மாதம் போனது. வீட்டுக் கடன், அடமானக் கடன், தொழில் கடன் எது இருந்தாலும் முதல் நாளே வங்கியில் கேளுங்கள்.

தகவலை மின்னஞ்சலில் கொடுத்து, வரும் கிளெய்ம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சர்வேயர் பார்க்கும் வரை எதையும் கழுவாதீர்கள், வாராதீர்கள், பழைய இரும்புக்காரருக்குப் போடாதீர்கள். சர்வேயருக்கு நீங்கள் பணம் கொடுக்க வேண்டியதில்லை, அனுப்புவது கம்பெனி.

2021 ஏப்ரலிலிருந்து எல்லா கம்பெனிகளும் விற்கும் பொதுவான வீட்டுப் பாலிசிக்கு பாரத் கிருஹ ரக்ஷா என்று பெயர். உங்களுடையது அதுவா என்று பாருங்கள். அதில் பலர் கேட்காமல் விடும் சில விஷயங்கள் உண்டு. கட்டடத்துக்குப் போட்ட தொகையில் 20 சதவீதம் வரை, 10 லட்சத்துக்கு மிகாமல், வீட்டுச் சாமானுக்கும் சேர்ந்தே பாதுகாப்பு இருக்கிறது. பொறியாளர் கட்டணம் கிளெய்ம் தொகையில் 5 சதவீதம் வரையும், இடிபாடு அகற்றும் செலவு 2 சதவீதம் வரையும் கேட்கலாம். ஆகவே பொறியாளரிடமும் இடிப்பவரிடமும் ரசீது வாங்குங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் சாமானுக்கு மட்டும் தனியாக எடுக்க முடியும்.

கம்பெனி மறுத்தால், அல்லது எழுத்தில் புகார் கொடுத்து ஒரு மாதம் பதில் இல்லை என்றால், சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (கம்பெனி மேலான புகாரை விசாரிக்கும் அதிகாரி) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

8. பொறியாளர், மாநகராட்சி, இடிப்பது

சுவர் தெருப்பக்கம் சாய்ந்திருந்தால் மாநகராட்சிப் புகார் எண் 1913-க்குச் சொல்லி, புகார் எண் வாங்குங்கள். ராயபுரம் என்றால் மண்டலம் 5, தண்டையார்பேட்டை 4, திருவொற்றியூர் 1. வார்டு உதவிப் பொறியாளர் வந்து பார்த்துத் தடுப்புக் கட்டுவார்.

நீங்களாக ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்து, எது நிற்கும் எது நிற்காது என்று எழுத்தில் வாங்குங்கள். எங்களுக்கு 15,000 ரூபாய் ஆனது. மேஸ்திரி வாயால் "ஒண்ணும் ஆகாது" என்று சொல்வதை நம்பி யாரையும் உள்ளே அனுப்பாதீர்கள்.

இடிப்பதற்கு முன் இரண்டு வேலை. பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் என்றால் அவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அவர்கள் வீட்டு உள்பக்கச் சுவரையும் அவர்களை வைத்துக்கொண்டே படம் எடுங்கள், ஏற்கெனவே இருந்த விரிசல் எது என்று பிறகு சண்டை வரும். இரண்டாவது, மரம். "காசே வேண்டாம், இடித்து அள்ளிக்கொண்டு போகிறோம்" என்று ஒருவர் வருவார். அவர் கணக்கு எரியாமல் மிச்சமிருக்கும் தேக்கு உத்திரத்தில் இருக்கிறது. மரத்தை மரக்கடையில் விலை கேட்டுவிட்டு, மரமும் இரும்பும் யாருக்கு, இடிகூலி எவ்வளவு, எத்தனை நாள் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எங்களுக்கு அப்படி எழுதிய பிறகு கூலி போக 40,000 ரூபாய் கைக்கு வந்தது.

இடிபாட்டைக் கால்வாயிலோ ரோட்டோரத்திலோ கொட்டினால் மாநகராட்சி அபராதம் உங்கள் பேரிலும் வரும். கட்டட இடிபாட்டைப் பதப்படுத்தும் நிலையம் கொடுங்கையூரிலேயே இருக்கிறது.

9. எரிந்த காகிதமும் எரிந்த பணமும்

வரிசை முக்கியம். முதலில் சிம் கார்டு. எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி. அதில்தான் வரும். மாற்றுச் சிம் போட்ட முதல் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். வராது, அதனால் அன்றே வாங்கிவிடுங்கள். அப்புறம் இ-ஆதார், இலவசம். அதை வைத்து வங்கி, பான் கார்டு, ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை. பத்திரத்துக்குச் சார்பதிவாளரிடம் சான்றிட்ட நகலும் வில்லங்கச் சான்றும் ஆன்லைனிலேயே கேட்கலாம், பத்திர எண்ணும் வருடமும் தெரிந்தால் போதும். அந்த ராத்திரி அத்தை மகன் உயிரைக் கொடுத்து எடுக்கப் பார்த்த காகிதத்தின் நகல் எங்களுக்குப் பதினாறு நாளில் கிடைத்தது.

பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ் நகல் கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம். முதல் வாரமே தொடங்குங்கள்.

எரிந்த ரூபாய் நோட்டைப் பிரிக்காதீர்கள், துடைக்காதீர்கள். கருகி ஒட்டிய நோட்டை வங்கிக் கிளையில் வாங்கமாட்டார்கள். இருக்கிறபடியே ஒரு டப்பாவில் பஞ்சு வைத்து, ராஜாஜி சாலையில் உள்ள ரிசர்வ் வங்கிக்கு எடுத்துப் போங்கள். ஐம்பது ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டில், ஒரே துண்டாக 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழுப்பணம், 40 முதல் 80 வரை இருந்தால் பாதி. அத்தை அரிசி டப்பாவில் வைத்திருந்த சீட்டுப் பணத்தில் முக்கால்வாசி திரும்பக் கிடைத்தது.

10. இப்போது இருக்கிற வீட்டுக்கு

படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் இன்வர்ட்டர், பேட்டரி வண்டி, மெத்தை, பேப்பர் கட்டு எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு மாற்றுங்கள். இறங்குவதற்கு இருப்பது அந்த ஒரு வழிதான்.

மாடி ஜன்னல் கிரில்லைப் பாருங்கள். அத்தை நின்ற ஜன்னலில் கிரில் துருப்பிடித்துப் பாதி கழன்றிருந்ததால்தான் வீரர் கடப்பாரையால் ஒரே தள்ளில் பெயர்த்தார். புதிதாக வெல்டிங் செய்த கிரில் என்றால் இன்னும் எத்தனை நிமிடம் ஆகியிருக்குமோ. தெருப்பக்க ஜன்னல் ஒன்றிலாவது திறக்கிற மாதிரி கதவு வைத்த கிரில் போடச் சொல்லுங்கள். ஏற்கெனவே இருக்கும் கிரில்லில் வெட்டி வைக்க எங்களுக்கு 2,800 ரூபாய் ஆனது, ஒரு மதியத்தில் வேலை முடிந்தது. பூட்டின் சாவியை வெளியிலிருந்து கை விட்டால் எட்டாத தூரத்தில், ஆனால் அதே அறைக்குள் மாட்டுங்கள். அத்தை இப்போது இருக்கும் வாடகை வீட்டில் அது ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில், சின்னப் பேரனின் கை எட்டும் உயரத்தில் ஒரு ஆணியில் தொங்குகிறது. மாதம் ஒருமுறை அவனையே திறக்கச் சொல்லிப் பார்க்கிறோம்.